கொம்பு உரம் கடைசியில்: ஆண்டீஸ் மலை ஊர்களில் பயோடைனமிக் கற்கப் போகிறவர்களுக்கு

பெரு நாட்டுக்குப் போய், ஆண்டீஸ் மலைக்கிராமம் ஒன்றில் தங்கி விவசாயம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் கேட்பது மாட்டுக் கொம்பைப் பற்றித்தான். சாணத்தை எந்த மாதம் கொம்பில் அடைத்துப் புதைப்பது, நிலா எந்த ராசியில் நிற்கும்போது கிழங்கு நடுவது, அங்கே எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த வழிகாட்டியில் கொம்பு கடைசிக்கு முந்தின படியில்தான் வரும்.

காரணம் எளிது. பயோடைனமிக் என்பது ரசாயனம் இல்லாமல், கொம்பு உரமும் நிலாப் பஞ்சாங்கமும் சேர்த்துச் செய்யும் விவசாய முறை. அது ஐரோப்பாவில் பிறந்தது. 1924 ஜூன் மாதம், இன்று போலந்துக்குள் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் விவசாயிகளுக்கு எட்டு உரைகள் ஆற்றினார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. ஆண்டீஸ் மலையிலோ உருளைக்கிழங்கைக் காட்டுச் செடியிலிருந்து பயிராக்கியே சுமார் 8,000 வருடம் ஆகிறது. மாடு 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடுதான் அங்கே வந்து சேர்ந்தது. அந்த மலைக்கே சொந்தமான கால்நடைகளான லாமாவுக்கும் அல்பாக்காவுக்கும் கொம்பு கிடையாது. அங்கே முந்தி இருந்ததை முதலில் தெரிந்துகொண்டு, பிந்தி வந்ததைப் பிறகு சேர்ப்பதுதான் சரியான வரிசை.

படி 1: ஒரே பள்ளத்தாக்கு, ஒரு முழுப் பருவம்

குஸ்கோ நகருக்கு வடக்கே உருபாம்பா ஆறு ஓடும் பகுதியைப் புனிதப் பள்ளத்தாக்கு என்பார்கள். புதியவர்களுக்கு இதுதான் வசதி. பேருந்து உண்டு, மருத்துவமனை பக்கம், ஸ்பானிஷ் தெரிந்தால் சமாளிக்கலாம். பிசாக் ஊருக்கு மேலே உள்ள மலையில் உருளைக்கிழங்குப் பூங்கா இருக்கிறது. கெச்சுவா மொழி பேசும் சில ஊர்கள் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, 9,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைத் தாங்களே நிர்வகிக்கும் ஏற்பாடு அது. பூங்கா என்றதும் வேலியும் டிக்கெட்டும் நினைவுக்கு வர வேண்டாம். மக்கள் குடியிருந்து உழும் நிலம்தான். 1,300க்கும் மேற்பட்ட உருளைக்கிழங்கு வகைகள் அங்கே வயலிலேயே வாழ்கின்றன.

வேறு இடங்களும் உண்டு. பெருவில் புனோ பக்கம் டிட்டிகாக்கா ஏரிக்கரை, அயகுச்சோ மலைகள். எக்வடோரில் கோட்டகாச்சி, அங்கே கிச்சுவா ஊர்ப் பெண்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி என்று கலந்து வளர்க்கும் சக்ரா வயல்கள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். மூன்று நாட்டில் பத்துப் பத்து நாள் தங்கியவருக்குப் படங்கள் மிஞ்சும். ஒரு பள்ளத்தாக்கில் நடவு முதல் அறுவடை வரை இருந்தவருக்குத்தான் விவசாயம் பிடிபடும்.

பருவம் நமக்குத் தலைகீழ், அதுவும் பூமியின் தென்பாதி. மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காலம். பகலில் வெயில் சுடும், இரவில் உறைபனி. நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மக்காச்சோளம் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைக்கத் தொடங்குவார்கள். பெரிய உருளைக்கிழங்கு நடவு செப்டம்பர் முதல் நவம்பருக்குள். டிசம்பர், ஜனவரியில் மண் அணைப்பார்கள். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை அறுவடை. ஜூன், ஜூலை இரவுப் பனியில் கிழங்கைப் பரப்பி உறைய வைத்து, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காய வைத்துச் சூன்யோ செய்வார்கள். அப்படிக் காய்ந்த கிழங்கு வருடக்கணக்கில் கெடாது. முழுப் பருவம் தங்க முடியாதவர்கள் நடவையோ அறுவடையையோ ஒட்டிப் போகலாம். மழை உச்சத்தில் பாதைகள் சரியும், புதியவருக்கு வேலையும் குறைவு.

ஆகஸ்ட் மாதம் பச்சமாமாவின் மாதம். பூமித்தாய் அப்போது வாய் திறந்து பசியோடு இருக்கிறாள் என்பது நம்பிக்கை. முதல் தேதியில் பல ஊர்களில் நிலத்தைக் கொத்தவே மாட்டார்கள். கோக்கா இலை, தானியம், கொழுப்பு எல்லாம் வைத்துப் படையல் போடுவார்கள். கூப்பிட்டால் போய் உட்காருங்கள். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

படி 2: உடம்பை முதலில் பழக்குங்கள்

குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல். வயல்கள் இன்னும் மேலே. விமானத்திலிருந்து இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். பிசாக் 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. முதல் இரண்டு மூன்று நாள் வேலை கூடாது. தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் அடங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொப்பி கட்டாயம். அந்த உயரத்தில் கறுத்த தோலையும் வெயில் உரிக்கும். விசா விஷயத்தில், தன்னார்வ வேலைக்குச் சுற்றுலா விசா போதுமா என்று தூதரகத்திடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: ஊர்க்கூட்டத்தில் அனுமதி, பிறகு ஆய்னி

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். தெரிந்த ஒருவர் வீட்டில் இடம் கிடைத்ததும் வயலில் இறங்கிவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அங்கே மேய்ச்சல் மலை, நீர், தரிசாக விட்ட நிலம் எல்லாம் ஊரின் பொறுப்பு. பெருவில் விவசாயிகள் சமூகம் என்பது சட்டப்படி பதிவான அமைப்பு. தேர்ந்தெடுத்த தலைவர் உண்டு, மாதத்துக்கு ஒன்றோ தேவைக்கேற்பவோ கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் நின்று நீங்களே சொல்ல வேண்டும்: யார், எத்தனை மாதம் இருப்பீர்கள், யார் வீட்டில், எதைக் கற்க வந்திருக்கிறீர்கள், படம் எடுப்பீர்களா, எடுத்ததை என்ன செய்வீர்கள். மருந்துச் செடியையும் விதையையும் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளியாட்கள் வந்து குறிப்பெடுத்துப் போய்க் காப்புரிமை வாங்கிய கதைகளை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

பேச ஸ்பானிஷ் போதும், ஆனால் வணக்கமாவது கெச்சுவாவில் இருக்கட்டும். 'அல்யில்யாஞ்சு' என்று நலம் விசாரியுங்கள். நன்றிக்கு 'சுல்பாய்கி'. வயதில் பெரியவர்களை ஆணென்றால் தைதாய், பெண்ணென்றால் மமாய் என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தைப் பள்ளத்தாக்கிலுள்ள சுற்றுலா விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அனுமதி கிடைத்தால் வேலை. அங்கே வேலை மூன்று வகை, மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆய்னி என்பது வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளும் வேலை. உங்கள் வயலில் நான் ஒரு நாள் நட்டால் என் வயலில் நீங்கள் ஒரு நாள் நட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது நம் ஊர் மொய் நோட்டுக் கணக்கு மாதிரிதான், எழுதாமலே எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்கா என்பது ஒருவர் பெரிய வேலைக்கு ஊரைக் கூப்பிட்டு, சாப்பாடும் சிச்சாவும் கொடுத்து முடித்துக்கொள்வது. சிச்சா என்பது முளைகட்டிய மக்காச்சோளத்தை நொதிக்க வைத்த பானம். குடிக்காதவர்கள் கோப்பையை வாங்கி, பச்சமாமாவுக்கென்று நிலத்தில் சில துளி ஊற்றி, உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாவது ஃபாயினா. வாய்க்கால் தூர்வாருவது, பாதை போடுவது போன்ற ஊர்ப் பொது வேலை. வராத வீட்டுக்கு அபராதம்.

உங்களுக்கு நிலம் இல்லை. அப்படியானால் ஆய்னிக் கடனை எப்படி வாங்குவது, எப்படி அடைப்பது? முதலில் கொடுத்துவிடுங்கள். தங்கும் வீட்டின் சார்பில் அந்த வீடு யாருக்கெல்லாம் வேலை கடன்பட்டிருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், நாலு வயல் பார்த்த பழக்கமும் வரும். சாப்பாட்டுக்கும் அறைக்கும் பணம் கொடுத்துவிட வேண்டும், அது தனிக் கணக்கு. ஆனால் ஆய்னியைப் பணமாகக் கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். பணம் கை மாறினால் அது கூலி. கூலி கொடுத்தவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு டிட்டிகாக்கா ஏரிக்கரை ஒரு காரணம். அங்கே பழங்காலத்தில் வாரு வாரு என்ற மேட்டுப் பாத்திகள் இருந்தன. மண்ணை உயர்த்திப் பாத்தி, பாத்திகளுக்கு நடுவே நீர் நிற்கும் வாய்க்கால். பகல் வெயிலை நீர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும், அதனால் பயிரைப் பனி கருக்காது. வாய்க்கால் அடியில் படியும் சேறு அடுத்த வருடம் பாத்திக்கு உரம். 1980களின் தொடக்கத்தில் புனோ அருகே உவாத்தா என்ற ஊரில் தொல்லியல் ஆய்வாளர் கிளார்க் எரிக்சன் ஊர்மக்களோடு சேர்ந்து இவற்றைத் திரும்பக் கட்டினார். ஹெக்டேருக்கு 8 முதல் 16 டன் வரை உருளைக்கிழங்கு விளைந்தது. வட்டாரத்தின் வழக்கமான விளைச்சல் 1 முதல் 4 டன்தான். செய்தி பரவி, அமைப்புகளும் அரசுத் திட்டங்களும் ஓடி வந்தன. வேலைக்கு உணவும் கூலியும் கொடுத்துப் பாத்தி கட்ட வைத்தார்கள். திட்டப் பணம் நின்றதும் பல இடங்களில் பாத்திகள் மறுபடி புல்லுக்குப் போய்விட்டன. நுட்பத்தில் குறையில்லை. அதைத் தாங்க வேண்டிய கூட்டு வேலைதான் அங்கே உருவாகாமல் போனது.

படி 4: வயலில் முதல் பருவம்

முதல் பருவத்தில் புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள். பார்த்து, கூட நின்று செய்யுங்கள்.

செங்குத்தான சரிவில் மாடோ டிராக்டரோ ஏறாது. சாகிதக்ல்யா என்ற ஏரைக் காலால் மிதித்து மண்ணில் இறக்குவார்கள். இரண்டு பேர் பக்கம் பக்கமாக நின்று கட்டியை நெம்ப, எதிரே இருப்பவர் அதைக் கையால் புரட்டிப் போடுவார். தாளம் தப்பினால் மூவர் வேலையும் கெடும். புதியவரை முதலில் புரட்டிப் போடும் இடத்தில்தான் நிறுத்துவார்கள். குனிந்தே இருக்க வேண்டும், இடுப்பு கழன்றுவிடும்.

நிலத்தை உயரத்தின்படி பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 3,500 மீட்டர் வரை மக்காச்சோளம். அதற்கு மேலே 4,000 வரை உருளை, ஓகா, உல்யுகு, மஷுவா ஆகிய கிழங்குகள், கினோவா தானியம், தார்விப் பயறு. அதற்கும் மேலே கசப்பு உருளையும் அல்பாக்கா மேய்ச்சலும். ஒரே குடும்பத்துக்கு வெவ்வேறு உயரத்தில் சிறு சிறு துண்டுகள் இருக்கும். துண்டு துண்டாக இருப்பது வீண் என்று நமக்குத் தோன்றும். ஒரு துண்டில் பனி கருக்கினாலும் இன்னொன்றில் கிழங்கு கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இப்போது வெப்பம் கூடக்கூட இலைக்கருகல் நோய் மலையேறி வருகிறது. அதனால் உருளை வயல்களும் மேலே போய்க்கொண்டிருக்கின்றன. மலைக்கு உச்சி ஒன்று இருக்கிறதே, அதற்கு மேல் எங்கே போவது என்பதுதான் பெரியவர்களின் கவலை.

பயிர்ச் சுழற்சி ஊர் முடிவு, தனி ஆள் முடிவல்ல. மலையைப் பல பகுதிகளாகப் பிரித்து, இந்த வருடம் இந்தப் பகுதியில் உருளை என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அடுத்த வருடம் அங்கே ஓகா, உல்யுகு போன்ற கிழங்குகள், அதற்கடுத்து தார்வியோ தானியமோ, அப்புறம் சில வருடம் தரிசு. தரிசு என்றால் சும்மா கிடப்பதில்லை, ஆடும் லாமாவும் மேய்ந்து எரு போடும். நடவுக்கு முன் இரவில் கிடை போட்டு, சில நாளுக்கு ஒருமுறை பட்டியை நகர்த்தி, வயல் முழுக்கப் புழுக்கையும் சிறுநீரும் படிய வைப்பார்கள். கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

தார்வியைத் தனியாகக் கவனியுங்கள். நீலப் பூப் பூக்கும் பயறு. காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். கசப்பாக இருப்பதால் மாடு தொடாது, வயலோரத்தில் விதைத்தால் உயிர்வேலி. அந்தக் கசப்பு நச்சும்கூட. வேக வைத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப் போட்டுத்தான் சாப்பிடுவார்கள். பசிக்கிறது என்று பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பூச்சிக்கு மருந்துக்கடை வேண்டியதில்லை. உருளையின் நடுவே மஷுவாவைக் கலந்து நடுவது கூன்வண்டுக்கு எதிரான பழைய வழக்கம். சேமிப்பறையில் முன்யா என்ற வாசனைச் செடியைக் கிழங்குக்கு அடியிலும் மேலேயும் பரப்புவார்கள். பூச்சி அண்டாது, முளைப்பதும் தாமதமாகும்.

படி 5: நீரை விதைப்பது

வறண்ட மாதங்களில் ஊற்று வற்றாமல் இருந்தால்தான் மற்றதெல்லாம். பெருவில் இதை நீரை விதைத்து நீரை அறுப்பது என்றே சொல்கிறார்கள். மழைக்காலத்தில் ஓடிப்போகும் நீரை மலையின் மேலேயே நிறுத்தி மண்ணுக்குள் இறக்கிவிட்டால், கீழே ஊற்றாக வெளிவரும்.

லிமா நகருக்கு மேலே உவமன்தாங்கா என்ற ஊரில் இன்காக்களுக்கும் முந்தைய அமுனா வாய்க்கால்கள் இன்றும் வேலை செய்கின்றன. ஓடை வெள்ளத்தைத் திருப்பி, கற்கள் நிறைந்த சரிவில் பரவவிட்டு உறிஞ்ச வைப்பவை அவை. ஆய்வாளர்கள் நீரில் சாயம் கலந்து பார்த்தார்கள். உறிஞ்சிய நீர் இரண்டு வாரம் முதல் எட்டு மாதம் வரை கழித்து, சராசரியாக 45 நாளில், கீழுள்ள ஊற்றுகளில் வந்தது. 2019இல் இந்த ஆய்வு வெளியானது. ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த வாய்க்கால் எந்த ஊற்றுக்கு நீர் தருகிறது என்பது சாயம் இல்லாமலே தெரிந்திருந்தது.

அயகுச்சோவில் கிஸ்பில்யாக்தா என்ற ஊரின் கதை இன்னும் தெம்பு தருவது. உள்நாட்டுப் போரில் மிகவும் அடிபட்ட வட்டாரம். அந்த ஊரிலேயே பிறந்து பல்கலைக்கழகம் போய் வேளாண்மை படித்த மக்தலேனா, மார்செலா மச்சாகா சகோதரிகள் 1990களில் ஊருக்குத் திரும்பி, மலைமேல் இயற்கையாகவே குழிந்திருந்த இடங்களைக் களிமண், கல், புல்கட்டியால் அணை போட்டு மழைக் குளங்களாக்கும் வேலையை ஊரோடு சேர்ந்து தொடங்கினார்கள். ஒவ்வொன்றாகப் பல பத்துக் குளங்கள் உருவாகின. சிமெண்ட் கிடையாது. நீர் கசிய வேண்டும், கீழே இறங்க வேண்டும், அதுதானே நோக்கம்.

இதில் புதியவர் என்ன செய்யலாம்? வாய்க்கால் தூர்வாரும் நாளைத் தவறவிடாதீர்கள். வேலை, இசை, படையல், கூட்டுச் சாப்பாடு எல்லாம் அன்றுதான். கல் சுமக்கலாம், புல்கட்டி வெட்டித் தரலாம். அளவெடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் கொண்டு ஒவ்வொரு ஊற்றிலும் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து, நோட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம். நான் பார்த்த தன்னார்வலர்களில் ஊருக்கு நிஜமாகவே பயன்பட்டவர்கள் இந்த மாதிரிச் சலிப்பூட்டும் வேலையைச் செய்தவர்கள்தான்.

படி 6: மரம், அதுவும் எந்த மரம்

ஆண்டீஸ் சரிவுகளில் இப்போது கண்ணில் படுவதெல்லாம் நாம் தைலமரம் என்கிற யூகலிப்டஸ். 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தது. வீட்டு உத்தரத்துக்கும் விறகுக்கும் உதவுகிறது, ஊர்க்காரர்களிடம் அதைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் ஊற்றின் பக்கத்தில் நடச் சொன்னால் மட்டும் காரணம் கேளுங்கள்.

அந்த உயரத்தின் சொந்த மரம் கெவுன்யா. பட்டை காகிதம் போல உரிந்து தொங்கும், முறுக்கிய கிளைகள், 4,000 மீட்டருக்கு மேலும் வளரும். மேகத்திலிருந்து ஈரத்தைப் பிடித்துப் பாசிக்கும் மண்ணுக்கும் தரும். பெரும்பகுதி வெட்டியும் எரித்தும் அழிந்துபோனது. குஸ்கோவைச் சேர்ந்த உயிரியலாளர் கோன்ஸ்தந்தினோ அவுக்கா தொடங்கிய எக்கோவான் அமைப்பு, ஊர்களைச் சேர்த்து இதைத் திரும்ப நடுகிறது. அதிலிருந்து 2018இல் உருவான அக்சியோன் அந்தினா பல ஆண்டீஸ் நாடுகளில் வேலை செய்கிறது. 10 லட்சம் ஹெக்டேர் காட்டைக் காத்து மீட்பது இலக்கு. 2023இல் எர்த்ஷாட் பரிசும் கிடைத்தது. மழை தொடங்கும் சமயத்தில் கெவுன்யா ராய்மி என்ற நடவுத் திருவிழா நடக்கும். ஊரே நாற்றை முதுகில் கட்டிக்கொண்டு இசையோடு மலையேறும். ஆய்னியும் மின்காவும்தான் அங்கேயும் அடிப்படை.

கெவுன்யாவைக் கிளைக் குச்சியிலிருந்தே வளர்க்கலாம். ஊர் நாற்றங்காலில் பை நிரப்புவது, நிழல் கட்டுவது, நீர் ஊற்றுவது போன்ற வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. கொஞ்சம் தாழ்ந்த இடங்களில் அலிசோ நடுவார்கள், அது தழைச்சத்து பிடிக்கும் மரம், வயலோரத்துக்கு நல்லது. நட்ட பிறகு மூன்று நான்கு வருடம் ஆடு மாடு நுழையாமல் காப்பதுதான் கடினமான பகுதி. அதைக் கூட்டத்தில் முடிவு செய்யாமல் நட்ட கன்று மேய்ச்சலுக்குத்தான் போகும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இச்சு புல்லுக்குத் தீ வைக்கும் பழக்கமும் உண்டு. அது கைமீறிக் காட்டுக்குள் போகாமல் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது இன்னொரு வேலை.

படி 7: மட்கு, கொம்பு, பஞ்சாங்கம்

இவ்வளவும் பழகியபின் ஒரு குடும்பம் தன் வயலின் ஒரு மூலையைக் கொடுத்தால், பயோடைனமிக் தொடங்கலாம்.

முதலில் மட்குக் குவியல். கினிப்பன்றி எருவும் ஆட்டுப் புழுக்கையும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். கினிப்பன்றியைக் கூய் என்பார்கள், அடுப்பங்கரையிலேயே வளர்ப்பார்கள். தார்வித் தண்டு, பீன்ஸ் கொடி, இச்சு புல் ஆகியவற்றோடு அடுக்குங்கள். கருகல் நோய் வந்த உருளைத் தழையைச் சேர்க்க வேண்டாம். இரவுக் குளிரில் சிறிய குவியல் சூடாகவே ஆகாது. ஒன்றரை மீட்டர் அகலம், கிட்டத்தட்ட அதே உயரம் இருக்கட்டும். காற்று வறண்டது, அதனால் குவியலில் பாதியைக் குழிக்குள் இறக்கி, மேலே இச்சு புல்லால் தடிமனாக மூடுங்கள். நம் சமவெளியில் மூன்று மாதத்தில் ஆவது அங்கே ஆறு மாதமும் ஆகலாம்.

குவியலில் சேர்க்கும், 502 முதல் 507 வரை எண் கொடுத்த மூலிகைத் தயாரிப்புகளில் சீமைச்சாமந்தி, டேண்டிலியன் போன்றவை ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே களையாகவே பரவிவிட்டன. செந்தொட்டிக்கும் அங்கே சொந்தங்கள் உண்டு. ஓக் மரப்பட்டைதான் பெருவில் எளிதில் கிடைக்காது, தயாரித்ததை வாங்க வேண்டும். திரவ உரம் வேண்டுமானால் அந்த ஊர்களில் ஏற்கெனவே செய்யும் பியோல் போதும். எருவும் நீரும் கலந்து பீப்பாயில் அடைத்து, குழாய் வழியே வாயுவை நீர் பாட்டிலுக்குள் விட்டுப் புளிக்க வைப்பது. வெயில் படும் இடத்தில் வையுங்கள், குளிரில் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நீரில் கலந்துதான் தெளிக்க வேண்டும்.

அடுத்தது கொம்பு சாண உரம். பால் கறக்கும் மாட்டின் சாணத்தைப் பசுவின் கொம்பில் அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைப்பது விதி. வடபாதியில் செப்டம்பர், அக்டோபரில் புதைத்து மார்ச்சில் எடுப்பதை, இங்கே மார்ச், ஏப்ரலில் புதைத்து செப்டம்பரில் எடுக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். ஐரோப்பியக் குளிர்கால மண் ஈரமானது, ஆண்டீஸ் குளிர்கால மண் காய்ந்து பாறை ஆகிவிடும். சரிவில் புதைத்தால் உள்ளே இருப்பதும் காய்ந்து, சாணம் சாணமாகவே வெளிவரும். வாய்க்கால் ஓரமாக, நிழலும் மட்கும் உள்ள மண்ணில் புதைத்து, மாதம் ஒருமுறை ஈரம் பாருங்கள். நன்றாக ஆனது கறுத்து, நாற்றம் போய், காட்டு மண் வாசனை அடிக்கும்.

ஒரு ஏக்கருக்கு சுமார் 25 கிராம். 13 முதல் 15 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கம் சுழற்றுவது. மாலையில், ஈரமான மண்ணில், பெரிய துளிகளாகத் தெளிக்க வேண்டும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பொடித்த படிகக்கல்லைக் கொம்பில் அடைத்துச் செய்யும் கொம்பு சிலிக்கா உரம் ஏக்கருக்கு ஒரு கிராம் போதும், அதிகாலையில் இலைமேல் மெல்லிய துளியாக. வெயில் இவ்வளவு கடுமையான உயரத்தில் சிலிக்காவை நான் சிக்கனமாகவே பயன்படுத்தச் சொல்வேன்.

பலன் உண்டா? சுவிட்சர்லாந்தின் தெர்வில் ஊரில் 1978 முதல் பயோடைனமிக், இயற்கை, ரசாயன முறைகளை ஒரே நிலத்தில் ஒப்பிட்டு வருகிறார்கள். 2002இல் வெளியான 21 வருடக் கணக்கின்படி ரசாயனம் இல்லாத முறைகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு, பயன்படுத்திய உரமும் ஆற்றலும் 34 முதல் 53 சதவீதம் குறைவு, மண்ணுயிர்கள் அதிகம். ஆனால் கொம்பு உரம் மட்டும் தனியாக என்ன செய்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. பக்கத்து வயல்காரர் கேட்டால் இதை அப்படியே சொல்லுங்கள். தங்கள் கிடையும் தார்வியும் தரும் பலனை அவர் கண்ணால் பார்த்தவர், உங்கள் கொம்பையும் அப்படித்தான் பார்ப்பார். பாதி வயலில் தெளித்து, பாதியை விட்டுவிட்டு, அறுவடையில் எடை போட்டுக் காட்டினால் பேச்சே வேண்டாம்.

பஞ்சாங்கத்தில் பலர் சறுக்குவார்கள். ஐரோப்பாவில் அச்சான பயோடைனமிக் நாட்காட்டியில் மேல்நோக்கு நாள், அதாவது நிலா வானில் ஏறும் நாள், என்று போட்டிருப்பது தென்பாதியில் கீழ்நோக்கு நாள். தென்பாதிக்கென்று போட்டதைத்தான் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், ஊருக்கென்று ஒரு வானம் இருக்கிறது. ஜூன் 24ஐ ஒட்டிய நாட்களில் விடிவதற்கு முன் மலையேறிக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பார்ப்பார்கள். விண்மீன்கள் பளிச்சென்று நிறையத் தெரிந்தால் நல்ல மழை. மங்கலாகத் தெரிந்தால் மழை குறையும், தாமதமாகும் என்று உருளை நடவைச் சில வாரம் தள்ளிப் போடுவார்கள். 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் மூன்று ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் காட்டினார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் மிக உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகப் படலம் கூடுகிறது. விண்மீன் மங்குவது அதனால். அதே எல் நினோதான் சில மாதம் கழித்து மழையையும் குறைக்கிறது. உங்கள் நாட்காட்டியின் கிழங்கு நாளும் ஊர்ப் பெரியவர் சொல்லும் நாளும் மோதினால், பெரியவர் சொல்லும் நாளில் நடுங்கள்.

படி 8: விதையும் திரும்பும் பயணமும்

அறுவடையில் கிழங்கின் நிறங்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஊதா, சிவப்பு, வரி வரியாக. மேடும் பள்ளமுமாக ஒரு வகை உண்டு, மருமகளை அழவைப்பது என்று பெயர், உரிக்கவே முடியாது. இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றும். கூடாது.

அந்த விதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் பல பத்தாண்டுகள் ஆண்டீஸ் வயல்களில் வகைகளைச் சேகரித்தது. ஊர்களில் அவற்றில் பல காணாமல் போயின. 2004இல் உருளைக்கிழங்குப் பூங்காவின் ஊர்கள் அந்த மையத்தோடு ஒப்பந்தம் போட்டு, நச்சுயிரி நீக்கிய 410 வகைகளைத் திரும்பப் பெற்றன. இப்போது ஊரின் விதைக் காவலர்கள் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். மரபணு மாற்று விதைகளுக்கும் பெருவில் 2035 வரை தடை. விதை யாருடையது என்பதில் இவ்வளவு போராடியவர்களின் கிழங்கைக் கேட்காமல் எடுப்பது திருட்டு. அவர்களே கொடுத்தாலும் அனுமதிச் சான்று இல்லாமல் நாடு தாண்டக் கூடாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. உருளையின் வேரைத் தின்னும் முட்டைக்கூடு நூற்புழுவின் பூர்வீகமும் ஆண்டீஸ்தான். 1961இல் அது நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை வந்ததும் அதனால்தான். அதன் முட்டைக்கூடு மண்ணில் 20 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒரு சிட்டிகை மண் போதும். கோக்கா இலையும் அப்படித்தான், அங்கே கடையில் விற்கும், இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். தேநீர்ப் பை ஒன்றுகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தங்கிய வீட்டுக்காரரிடம் ஆய்னிப் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அதை வேலையாகவே அடைத்துவிடுங்கள். எடுத்த படங்களின் பிரதியையும், ஊற்று அளந்த நோட்டையும் கூட்டத்தில் ஒப்படையுங்கள். காலணி, கையுறை, மண்வெட்டி எல்லாவற்றையும் வயலிலேயே தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். காலணிக்கு அடியில் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுக்க மறக்காதீர்கள். பழைய காலணி என்றால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவது இன்னும் நல்லது.